மீட்டப்புக்கு மாற்று உண்டா?

கேள்வி: வாசகர் வட்டக் கூட்டங்களை மீட்டப் (Meetup) என்ற கூட்ட அறிவிப்புத் தளத்தில் அறிவிக்கிறோம். அமைப்பாளர் சந்தா கட்டுப்படியாகவில்லை. கட்டற்ற மென்பொருளில் மாற்று உண்டா?

பதில்: உண்டு. பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு 2020இல் வெளியிட்ட மொபிலிசான். ஏற்கெனவே இயங்கும் ஒரு மொபிலிசான் சர்வரில் கணக்கு தொடங்கி, குழு அமைத்து, கூட்டத்தைப் பதியுங்கள். பெயரில்லாப் பங்கேற்பை அனுமதித்தால் வருபவர்களுக்குக் கணக்கே வேண்டாம். மின்னஞ்சலில் உறுதிசெய்தால் போதும். வெவ்வேறு தளங்களை இணைக்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை இருப்பதால் மஸ்டடான் சமூக வலைத்தளத்தில் இருப்பவர்களும் குழுவைப் பின்தொடரலாம். ஆனால் பின்தொடரத் தொடங்கிய பிறகு பதிந்தவைதான் அவர்களை எட்டும். ஆகவே குழு முகவரியை முதலில் பரப்புங்கள்.

சொந்த சர்வர் என்றால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துடன், இட விவரங்களைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியும் கட்டாயம். அதிகம் சிக்கல் தருவது மின்னஞ்சல்தான்: மடல் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இல்லாவிட்டால் உறுதிசெய்யும் மடல் ஸ்பேமில் விழும், வருகைக் கணக்கே தவறிவிடும். கட்டண நுழைவுச்சீட்டு விற்க இதில் வழியில்லை.