உஸுமாகியும் ஒரு குவியல் கல்லும் – கடிதம்

வணக்கம் சார்,

நான் எதையும் ஒதுக்காமல் படிப்பவள். நாவல், பேய்க்கதை, காமிக்ஸ் எல்லாம் ஒன்றுதான். போன மாதம் ஜுன்ஜி இட்டோவின் 'உஸுமாகி' படித்தேன், சுருள் வடிவம் ஓர் ஊரையே ஆட்டிவைக்கும் ஜப்பானியத் திகில் காமிக்ஸ். எல்லோரும் நடுங்கிப்போனதாகச் சொல்கிறார்கள். எனக்குச் சில இடங்களில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' சிறுகதை. அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனால் அன்றிரவு விளக்கை அணைக்க மனம் வரவில்லை. அதே கதையை மைல்ஸ் ஹைமன் காமிக்ஸாக வரைந்ததையும் பார்த்தேன். பயம் வரவில்லை, துக்கமாக இருந்தது. "கண்டதையும் கலந்துகட்டிப் படித்தால் ரசனை இப்படித்தான் கெடும்" என்கிறாள் என் தோழி. நிஜமாகவே என் ரசனையில் கோளாறா? (உஸுமாகியை செல்போனில்தான் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

கார்த்திகா, தென்காசி

அன்புள்ள கார்த்திகா,

அடைப்புக்குறிக்குள் போட்ட வரியில் பாதி பதில் இருக்கிறது.

காமிக்ஸைப் பிரித்து வைத்தால் எதிரெதிரே இரண்டு பக்கங்கள். இடது ஓரத்தைப் படிக்கும்போதே வலது ஓரம் கண்ணில் பட்டுவிடும். வரைபவரால் வாசகரிடமிருந்து ஒளித்துவைக்க முடிந்தது தாளின் மறுபக்கத்தை மட்டும்தான். இட்டோ அதை நன்றாகத் தெரிந்தவர். ஒரு முகம், ஒரு கதவு, நீளும் ஒரு கை என்று சின்னச் சின்னக் கட்டங்களாக நம்மை இழுத்துக்கொண்டு போவார். பெரிய படம் பெரும்பாலும் பக்கத்தைப் புரட்டிய பிறகுதான். சுருள் வடிவத்தின் மேல் பித்துப் பிடித்த அந்தத் தகப்பனார் வட்டத் தொட்டிக்குள் தானே சுருளாகிக் கிடப்பாரே, அதை நம் கையால் நாமே திறந்து பார்த்த மாதிரி இருக்க வேண்டும். செல்போனில் விரலால் தள்ளும்போது தொட்டியின் விளிம்பு முதலில் வரும், மீதி துண்டு துண்டாக மேலே ஏறும். அதிர்ச்சி போய்விடும். மிஞ்சுவது அபத்தம்.

அபத்தம் அதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் நத்தையாக மாறுகிறான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இட்டோ அந்த விளிம்பில்தான் நடக்கிறார், தெரிந்தேதான் நடக்கிறார். எனவே உங்கள் சிரிப்பில் தப்பில்லை. (மனிதர் முன்பு செயற்கைப் பல் செய்யும் வேலையில் இருந்தவர். வாய்க்குள் அவர் வரையும் பற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.)

'தி லாட்டரி' வேறு விதம். கதையின் இரண்டாம் பத்தியிலேயே சிறுவர்கள் கல் பொறுக்குகிறார்கள். பையில் நிரப்புகிறார்கள், சதுக்கத்தின் மூலையில் குவிக்கிறார்கள். ஜூன் 27, நல்ல வெயில், பூக்கள். விளையாட்டுப் பிள்ளைகள் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஜாக்சன் எதையும் ஒளிக்கவில்லை, கண்ணெதிரே வைத்துவிட்டு நம்மைத் தாண்ட விடுகிறார். கடைசியில், ஊர் கூடி நடத்தும் குலுக்கலில் சீட்டு விழுந்தவரைக் கொல்ல அந்தக் கற்களை ஊரே கையில் எடுக்கும்போது, முதலிலேயே பார்த்தோமே என்று உறைக்கிறது. உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

எழுத்தில் கல்லைத் தாண்டிப் போகலாம். வரைந்த கல்லை அப்படித் தாண்ட முடியாது, கண் அங்கே நின்றுவிடும். ஹைமனுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் ஜாக்சனின் பேரன். 2016-இல் வந்த அவருடைய புத்தகம், முந்தைய இரவில் இரண்டு பேர் சீட்டு தயார் செய்வதில் தொடங்குகிறது. பாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போன விஷயம் அது. திடுக்கிட வைக்கும் வேலையை அவர் கைவிட்டுவிட்டார், நடக்கப்போவது தெரிந்தே நாம் பக்கங்களைப் புரட்டுகிறோம். துக்கம் வந்தது என்றீர்களே, சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் படங்கள் தேவைக்குமேல் அழகு. இரண்டில் ஒன்றை எடு என்றால் கதையைத்தான் எடுப்பேன்.

உங்கள் தோழிக்கு ஒன்று சொல்லுங்கள். 1948 ஜூனில் 'தி நியூ யார்க்கர்' பத்திரிகை இந்தக் கதையை வெளியிட்டதும் ஜாக்சனுக்கு 300-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றில் அன்பாக எழுதியவை 13 மட்டுமே, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று அவரே சொல்லியிருக்கிறார். திட்டினவர்கள் நிறைய. அவருடைய அம்மாவே கதை பிடிக்கவில்லை என்று எழுதினார். சிலர் இந்தச் சீட்டுக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்! கதையைவிட அந்தக் கடிதங்கள்தான் எனக்குக் கிலி. அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் ரசனை ரொம்ப ஆரோக்கியமாக இருக்கிறது. கலந்துகட்டிப் படித்ததால்தான் ஒரே கதை இரண்டு விதமாக வேலை செய்வது உங்கள் கண்ணில் பட்டது.

இட்டோவுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். அவருடைய 'கியோ' (Gyo) புத்தகத்தின் பின்பகுதியில் ஒரு சிறிய கதை இருக்கிறது. நிலநடுக்கத்தில் பிளந்த மலைச்சுவர் முழுக்க மனித உருவத்தில் துளைகள். பார்க்க வருகிறவர்களில் ஒவ்வொருவராக, இது எனக்கான துளை என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள். இதைத் தாளில்தான் படிக்க வேண்டும், நூலகத்திலோ நண்பரிடமோ கேட்டு வாங்குங்கள். அதற்கும் சிரிப்பு வந்தால் எழுதுங்கள், இட்டோவை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுவோம்.