அய்யனாருக்கு எடுத்த புரவி

அன்புள்ள ஐயா,

அண்மையில் புதுக்கோட்டை மாவட்டம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குச் சென்றிருந்தேன். பாதையின் இருபுறமும் நிற்கும் சுடுமண் குதிரைகளைக் கண்டு மலைத்துப்போனேன். ஆனால் பல குதிரைகள் தலையிழந்தும் கால் ஒடிந்தும் செடிகொடிகளுக்குள் கிடந்தது வேதனையளித்தது. ஊரார் ஏன் இவற்றைச் சீர்செய்வதில்லை? புதுச்சேரியில் விற்கும் மட்கலங்களைப் போல நீடித்து நிற்கும்படி சுட முடியாதா? அருங்காட்சியகத்திலாவது வைக்கக் கூடாதா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சுடுவதைப் பற்றிய கேள்விக்கு மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்கலக் கூடத்தின் வழியில் புதுச்சேரியில் செய்யப்படும் கலங்கள் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் சூட்டில் வெந்து, கல்லைப் போல் இறுகி, நீர் புகாத தன்மையைப் பெறுகின்றன. அய்யனார் குதிரைகளைச் செய்யும் குயவர்களான வேளார்கள் கண்மாயிலிருந்து எடுக்கும் களிமண்ணில் இரும்புச்சத்து மிகுதி என்பதால் அந்தச் சூட்டில் அது உப்பி, உருகிச் சரிந்துவிடும். வைக்கோலும் விறகும் எருவாட்டியும் அடுக்கி, மேலே மண் பூசி மூட்டும் சூளை 1,000 பாகைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அதில் வெந்த மண் செந்நிறம் பெறும், தட்டினால் ஒலிக்கும், ஆனால் மழைநீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆளுயரத்துக்கும் மேலான ஒரு குதிரையை இந்த எளிய சூளையில் வெடிக்காமல் சுட்டெடுப்பதுதான் வியப்பு. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பிசைகிறார்கள். நான்கு கால்களையும் உள்ளே கூடான குழாய்களாக எழுப்பி, அவை ஓரளவு இறுகிய பிறகே வயிற்றை வளர்க்கிறார்கள். ஒரு கை உள்ளிருந்து அணைகொடுக்க, மறு கை வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்குகிறது. அவசரப்பட்டால் கீழ்ப்பகுதி மேற்பாரம் தாங்காமல் அமர்ந்துவிடும். மணலும் உமியும் மண்ணில் உண்டாக்கும் நுண்துளைகள் வழியே சூளையில் நீராவி வெளியேறுவதால்தான் உருவம் தப்புகிறது. பின்னாளில் மழை நுழைவதும் அந்தத் துளைகள் வழியேதான்.

இனி, சீர்செய்யாமை பற்றி. சிங்கம்புணரி போன்ற ஊர்களில் மண் குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்து செல்லும் புரவி எடுப்பு விழாவுக்கு நாள் குறித்தவுடன், ஊரார் கூடி வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். கோயில் மண்ணில் ஒரு பிடியை வாங்கி அவர் தம் களிமண்ணில் கலந்த பிறகே வேலை தொடங்கும். பல கோயில்களில் அவரே பூசாரியும்கூட. வடித்த குதிரைக்குக் கண் திறந்து, ஊரே தோளில் சுமந்து சென்று அய்யனார் முன் இறக்கி வைப்பதோடு நேர்த்திக்கடன் நிறைவேறிவிடுகிறது. கொடுத்ததைக் காத்து வைப்பது அந்தக் கடனில் சேர்ந்ததன்று. அடுத்த எடுப்பில் புதிய குதிரை வரும். பழையது தன் இடத்திலேயே கரையும். கண்மாய்க் கரையில் காவல் நிற்கும் சாமிக்குக் கண்மாய் மண்ணால் ஆன குதிரை மீண்டும் மண்ணாவதில் ஊராருக்குக் குறையேதும் தெரிவதில்லை. நீங்கள் பார்த்த சிதைவைப் புறக்கணிப்பென்று நான் எண்ணவில்லை. புதிய குதிரை வராமல் பழையது மட்டும் கிடக்கும் கோயில்தான் கவலைக்குரியது.

அப்படிப்பட்ட கோயில்கள் பெருகுகின்றன. ஒரு முறை செய்தால் போதும் என்று சிமெண்டில் குதிரை கட்டிப் பளபளக்கும் எனாமல் பூசிவிடுகிறார்கள். செலவை எண்ணும் ஊராரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. (அவர்கள் பூசும் நீல வண்ணத்தைப் பற்றி மட்டும் எனக்குக் குறை உண்டு.) ஆனால் சிமெண்ட் குதிரைக்குப் பிடிமண் தேவையில்லை, சூளை தேவையில்லை. திருவிழாவுக்குத் திருவிழா வந்துகொண்டிருந்த வேலை வேளாருக்கு நின்றுவிடுகிறது. அவருடைய மகன் பலகை பிடித்துப் பழகும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

அருங்காட்சியகம் வேண்டாமென்று சொல்லமாட்டேன். டெல்லியிலுள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்திலும் சென்னைக்கு அருகேயுள்ள தட்சிணசித்ராவிலும் அய்யனார் குதிரைகளைப் பார்க்கலாம். அங்கே உருவம் கிடைக்கும். ஆனால் செய்யும் கைக்கு அடுத்த வேலையை அங்கிருந்து எதிர்பார்க்க முடியாது. உங்கள் குலதெய்வக் கோயிலில் புரவி எடுக்கும் வழக்கம் இருந்தால், பங்காளிகளிடம் பேசிச் சுடுமண் குதிரையே வேண்டுமென்று கேளுங்கள். மண் எடுக்கவும் உலர்த்தவும் சுடவும் நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் சூளை வைக்க இயலாது. எனவே கோடைக்கு முன்பே வேளாரிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது.