பெண்ணுக்கு ஏற்ற துறை

அன்புள்ள அக்கா,

தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஜெனரல் சர்ஜரிதான் வேண்டும். அப்பாவோ, "தோல் மருத்துவம் எடு, இல்லாவிட்டால் மகப்பேறு எடு, பெண்ணுக்கு அதுதான் ஏற்றது" என்கிறார். யூனிட்டில் ஒரு சார், "கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவாய், ஒரு சீட் வீண்" என்றார். இரவுப் பணியில் நாங்கள் ஓய்வெடுக்கும் அறைக்குத் தாழ்ப்பாள்கூடச் சரியில்லை. நான் வீண் பிடிவாதம் பிடிக்கிறேனா?

ம.

அன்புள்ள ம.,

இல்லை. ரேங்க் கிடைத்தால் சர்ஜரியே எடுங்கள்.

மகள் கஷ்டப்படக் கூடாது என்று அப்பா நினைக்கிறார். ஆனால் மகப்பேறு வார்டின் இரவு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் பாய்கிறது. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காவிட்டால், தாயைக் காப்பாற்றச் சில நிமிடங்கள்தான் இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றைத் திறந்து அந்த ரத்தத்தை நிறுத்துவதும் அறுவை சிகிச்சைதானே? அந்த வேலையைப் பெண்களிடம் ஒப்படைக்கும்போது யாரும் "உடம்பு தாங்குமா" என்று கேட்பதில்லை. குடல்வாலை எடுக்கப் போனால் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நம் சென்னையிலேயே ஒருவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். வழக்கறிஞரான கணவருடன் இங்கிலாந்திலிருந்து இங்கே வந்தவர் மேரி ஷார்லீப். பிரசவத்தில் பெண்கள் உதவியில்லாமல் சாவதைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதன்முதலாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட நான்கு பெண்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 30, மூன்று குழந்தைகளின் தாய். அதற்கு ஐந்து வருடம் முன்புதான் எடின்பரோவில் உடற்கூறியல் தேர்வு எழுதப் போன மாணவிகள் மேல் ஒரு கூட்டம் சேற்றை வாரி அடித்திருந்தது. ஷார்லீப் இங்கே படித்து, லண்டனில் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். கோஷா ஆஸ்பத்திரி என்று சென்னைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்களே, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அது 1885இல் தொடங்கியதற்கு அவருடைய முயற்சி முக்கியக் காரணம். பிற்பாடு லண்டனில் வயிற்று அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றார். அவர் சேர்ந்த அன்று எத்தனை பேர் "ஒரு இடம் வீண்" என்று நினைத்திருப்பார்களோ!

திறமை பற்றிப் பேச்சு வந்தால் சொல்ல ஒரு ஆய்வும் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து, 2017இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பெண் அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் சற்றே குறைவு. வித்தியாசம் சிறியதுதான். உங்கள் சாருக்கு அது போதும்.

அவர் சொல்வதில் ஒன்றை மறுக்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். மருத்துவர்களின் வேலைநேரம், வீட்டில் சமைக்கவும் குழந்தையைத் தூங்கவைக்கவும் வேறொருவர் இருக்கிற ஆணுக்காக அமைந்தது. பயிற்சி மருத்துவர்களின் பணி சாதாரணமாக ஒரே மூச்சில் 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. இன்னமும் 36 மணி நேரம் நிற்பதைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தூக்கமில்லாத கை ஆணுடையதானாலும் நடுங்கும்.

தாழ்ப்பாள் விஷயத்தைத் தயவுசெய்து சின்னதாக நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், இரவுப் பணியின் நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போன முதுநிலை மாணவி வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்க மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள், உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு தாழ்ப்பாள் போட முடியவில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாய்ப்பேச்சோடு விடாமல், கூட இருக்கும் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு டீனிடம் மனுவாகக் கொடுங்கள். தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் நண்பர்களும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் அப்பா. அவரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். குடும்பத்தோடு இருந்துகொண்டு சர்ஜரி செய்கிற பெண் மருத்துவர் யாராவது பக்கத்து ஊரிலாவது இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பாருங்கள். அப்பாவுக்குத் தோன்றுகிற கேள்விகளையெல்லாம் அவரே நேரில் கேட்கட்டும்.