பூச்சி பார்க்கிறது ஒரு வேலையா?

கேள்வி (கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாய்): என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி பற்றித்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவள் அப்பா, "பூச்சி பார்த்தால் சோறு கிடைக்குமா?" என்கிறார். நீங்கள் இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறீர்களே, என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயம்தான், ஆனால் அந்தச் சோற்றிலேயே பதில் இருக்கிறது. பிசானப் பருவ நெல்லில் குருத்து காய்ந்துபோகுமே, அப்புறம் கதிர் வெளுத்துப் பதராக நிற்குமே, அது தண்டுத் துளைப்பானின் வேலை. அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலைச்சுருட்டுப் புழுவும் அப்படித்தான். 2018இல் மக்காச்சோளத்தைத் தின்ன ஒரு புதுப் புழு வந்தது, முதலில் கர்நாடகத்தில் கண்டார்கள், அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. தலையில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில ஒய், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி, இதைப் பார்த்து "இது பழைய புழு இல்லை, படைப்புழு" என்று சொல்லத் தெரிந்த ஆள் அன்றைக்கு எவ்வளவு தேவைப்பட்டார் என்று சோளம் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உலகத்தில் பட்டாம்பூச்சி சுமார் 18 ஆயிரம் வகை, அந்துப்பூச்சி ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதனால் எங்கள் பிழைப்பில் பாதி ராத்திரியில்தான். மணிமுத்தாறு அடிவாரத்தில் தெரிந்தவர் தோப்பு ஒன்று உண்டு, அமாவாசையை ஒட்டி அங்கே போய் வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி, புற ஊதா விளக்கைத் தொங்கவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். நிலா வெளிச்சம் இருந்தால் விளக்குக்கு அவ்வளவாக வராது. ஒரு ராத்திரியில் வந்ததெல்லாம் எந்தெந்த வகை என்று பெயர் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆகும். சிலதைச் சிறகை வைத்துச் சொல்லவே முடியாது, வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் எழுதிய தொகுதிகளைத்தான் நான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு வேலை பாக்கி கிடக்கிறது.

பணம் பற்றி மறைக்க மாட்டேன். ஆராய்ச்சித் திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும், ஒருமுறை ஏழு மாதம் வீட்டில் இருந்திருக்கிறேன். அதனால் விலங்கியலோ வேளாண்மையோ முதலில் முடிக்கட்டும் (கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே), பூச்சியியலை மேற்படிப்பில் எடுக்கலாம்.

இந்த லீவில் அவள் செடிகளைப் படிக்கட்டும். எருக்கு எங்கே நிற்கிறது, ஈஸ்வரமூலிக் கொடி எங்கே படர்கிறது என்று தெரிந்தவளுக்குப் புழு தானாகக் கிடைக்கும். வாடிய கிலுகிலுப்பைச் செடியை ஆண் பட்டாம்பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தால் தேனுக்கு இல்லை, பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய சத்தை அதிலிருந்து எடுக்கின்றன. இதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒருநாள் பாருங்கள். களக்காடு முண்டந்துறை காட்டுக்குள் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் போய் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது, இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

கேள்வி (வீரவநல்லூர் வாசகி): கறிவேப்பிலைச் செடியை ஒரு பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. தொட்டால் சிவப்பாகக் கொம்பு நீட்டி நாற்றமடிக்கிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம், அந்த இலையைத்தான் நாளைக்குக் குழம்பில் போடப்போகிறீர்கள். அது பட்டாம்பூச்சியின் புழு, குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். செடி பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள், திரும்பத் துளிர்த்துவிடும். கன்றாக இருந்தால் இலையோடு கிள்ளி, பக்கத்தில் எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தால் அதில் விடுங்கள். முழுப் பச்சையாகிவிட்டது என்கிறீர்கள், சரி, இன்னும் சில நாளில் தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழு ஆகிவிடும்.