நாலாவது சுற்றில் தரை தொட்ட பிரேக் மிதி

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். என்னிடம் மிட்சுபிஷி லான்சர் எவோ 8 கார் இருக்கிறது. கட்டுக்குருந்தை கார் ஓடுபாதையில் உரிமையாளர்களுக்கான ஓட்ட நாளில் நாலாவது சுற்றிலேயே பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. வீடு திரும்பும்போது பிரேக் நன்றாகவே பிடித்தது. அடுத்த முறைக்கு முன் எஞ்சின் வலுவைக் கூட்டப் பெரிய டர்போ போட நினைக்கிறேன். பிரேக்கையும் பெரிதாக்க வேண்டுமா?

பதில்: டர்போவுக்கு ஒதுக்கிய காசு அப்படியே இருக்கட்டும். இப்போது வேண்டியது ஒரு லீற்றர் பிரேக் ஒயிலும் முன்பக்கத்துக்கு, சில்லோடு சுழலும் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் ஒரு செட்டும்தான். பேட்டை அழுத்தும் பகுதியான கலிப்பர், எவோவில் பிரெம்போ நிறுவனத்தினது; அது இதற்குத் தாராளம்.

மிதி கல்லுப்போல இறுகி நின்றும் கார் நிற்கவில்லையென்றால், பேட் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்குகிறது. பஞ்சுபோல இறங்கித் தரையைத் தொட்டால், ஒயில் கொதித்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ் உண்டாகும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மறையும், மிதியும் பழையபடி வந்துவிடும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் 4 சதவீதத்தை நெருங்கினால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் உள்ள ஊரில் ஒயிலை இரண்டு வருடம் விட்டுவைக்கக் கூடாது. பாதி மிஞ்சிய போத்தலையும் நம்பவேண்டாம். 300 பாகைக்கு மேல் தாங்கும் ரேஸ் ரக டொட் 4 வாங்குங்கள், ஓட்டத்துக்கு முந்திய வாரம் மாற்றுங்கள். டொட் 5 சிலிக்கோன் வகை. பெயர் ஒத்திருக்கிறதென்று அதை ஊற்றிவிடாதீர்கள்.

எயார் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்போது, கவனிக்க ஒன்று: பிரெம்போ கலிப்பரில் அதற்கென இரண்டு நிப்பிள் உண்டு. வெளிப்பக்கத்தை முதலிலும் உட்பக்கத்தை அடுத்தும் எடுக்கவேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று சொல்லும் கராஜ்கள் இருக்கின்றன, பக்கத்தில் நில்லுங்கள். கடலோரக் காரில் நிப்பிள் உப்பேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் தெளித்து, 11 மில்லிமீற்றர் ரிங் சாவியால் திறக்கவும். ஓப்பன் சாவி போட்டால் முனை உருண்டுவிடும்.

பேட்டில் முழு ரேஸ் ரகம் வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும்; வீடு திரும்பும் வழியில் வெலிகந்தைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வந்தால் குளிர்ந்த பேட் கைவிடும். றோட்டுக்கும் ஓடுபாதைக்கும் பொதுவான ரகம் போதும். புதுப் பேட்டை டிஸ்க்கில் படியும்படி கல்முனை றோட்டில் பழக்கப் பார்க்காதீர்கள். ஓடுபாதையின் முதல் சுற்றுகளில், மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து 30 வரை எட்டுத் தடவை, முழுதாக நிறுத்தாமல் வேகம் குறைத்தால் சரி.

டர்போவை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறோம்? வேகம் 140இலிருந்து 160 ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி 30 சதவீதம் கூடும். 1,400 கிலோ காரை 160இலிருந்து 60க்கு இறக்கும் ஒரே மிதியில் வரும் சூடு, மூன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இதை ஒரு சுற்றில் பல தடவை செய்கிறீர்கள். இப்போதுள்ள வலுவுக்கே ஒயில் கொதித்ததை மறந்துவிடவேண்டாம். டாங்கியில் 95 ஒக்டேன் பெற்றோல் இருந்தால் இந்த எஞ்சினே போதிய வேலை தரும்.

ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை, கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடி உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் மிதியில் காலை வைத்திருந்தால் சூடான பேட்டின் படிவு டிஸ்க்கில் ஒட்டும், பிறகு ஸ்டியரிங் அதிரும்; டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் மாற்றுவது இதைத்தான். ஹாண்ட்பிரேக்கும் வேண்டாம். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். டயர் காற்றைச் சூட்டோடு அளந்து 36 பிஎஸ்ஐக்கு மேலிருந்தால் இறக்குங்கள். புறப்படுமுன் ஆறிய டயரில் பழைய அளவுக்கு ஏற்றி, சில்லு நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டோர்க் சாவியால் 98 நியூட்டன் மீற்றருக்கு மறுபடி இறுக்குங்கள்.