ஒரே வளாகம், இரண்டு கட்டணம்

கேள்வி: என் மகளுக்குத் தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத் துறையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் துறையில் வாங்குவதைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்கிறார்கள். அரசு மானியம் வாங்கும் இடத்தில் இது முறையா? அங்கே சம்பளமே பாக்கி என்கிறார்கள். படிப்பு பாதியில் நின்றுவிடுமா?

பதில்: இது அநேகமாகச் சுயநிதிப் படிப்பு. துறை அலுவலகத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அரசு தரும் மானியம் பெரும்பாலும் அரசு ஒப்புதல் பெற்ற பணியிடங்களின் சம்பளத்துக்கே போகிறது. அந்த ஆசிரியர்கள் நடத்தும் படிப்புக்குக் கட்டணம் குறைவு. பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ஆட்சிமன்றக் குழு (சிண்டிகேட்) தானே தொடங்கிய சுயநிதிப் படிப்பிலோ, ஆசிரியர் ஊதியம் முதல் ஆய்வகச் செலவு வரை மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

சம்பளப் பாக்கிக்கு வருவோம். இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணமும் தொலைநிலைக் கல்வியும் பல்கலைக்கழகங்களின் முக்கியமான சொந்த வருமானம். 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிறந்தபோது வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போயின. அவற்றின் கட்டணமும் கூடவே போயிற்று. ஓய்வூதியச் சுமை மட்டும் எங்கும் போகவில்லை. தணிக்கை ஆட்சேபணை என்று அரசு மானியத்தைப் பிடித்து வைப்பதும், அதற்குப் பல்கலைக்கழகம் பதில் எழுதாமல் கோப்பை ஆண்டுக்கணக்கில் உறங்க விடுவதும் இரு தரப்பிலும் நடக்கின்றன. தன்னாட்சி என்று சட்டத்தில் எழுதிவிட்டு மாதச் சம்பளத்துக்குத் தலைமைச் செயலகத்தைப் பார்த்து நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் பயப்பட வேண்டாம். சேர்த்துக்கொண்ட மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் தரும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. சம்பளம் தாமதமானால் பட்டத்தின் மதிப்பு குறையாது. வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பித்தலின் தரம் அங்கேதான் தெரியும்.

என் கவலையெல்லாம் இடைத்தரகர்கள்மீதுதான். “நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கித் தருகிறேன்”, “கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கிறேன்” என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பல்கலைக்கழகத் துறையில் நிர்வாக ஒதுக்கீடு கிடையாது. பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். இன்ன தலைப்பில் இவ்வளவு என்று பிரித்துப் போட்ட ரசீது கேளுங்கள்.

முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையைக் காட்டி முன்பணம் பறிப்பவர்களும் உண்டு. அந்தச் சலுகை, அரசுக் கலந்தாய்வு வழியே பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்வி இளநிலைப் படிப்பில் சேருவோருக்கானது. குடும்பத்தில் முன்பே யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காளோ பட்டதாரி என்றால் தங்கைக்குக் கிடையாது. கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. எம்.எஸ்சி.க்கு அது பொருந்தவே பொருந்தாது; வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ் கையில் இருந்தாலும் பொருந்தாது. நீங்கள் பார்க்க வேண்டியது, சாதி, வருமான அடிப்படையில் வழங்கும் அரசுக் கல்வி உதவித்தொகையை.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். அவற்றை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே அறிவித்திருக்கிறது. வேறு இடம் கிடைத்து விலகுவதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதமும் திரும்பத் தர வேண்டும் என்று அந்த 2018 அறிவிக்கையில் இருந்தது; இந்த ஆண்டுக்கான விதியைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.