எச்-1பி விசாவில் டெக்சாஸ் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், எச்-1பி விசா. நவம்பரில் ஒரு ராஞ்சுக்கு (பெரிய பண்ணை) மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு அலுவலக நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். பன்றிக்கு லைசென்ஸே வேண்டாமாம். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்றால் அவர்களுக்கு உண்மை. நீங்கள் அதை நம்பிப் போனால் சிக்கல்.

2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட டெக்சாஸ் மாநிலம் லைசென்ஸ் கேட்பதில்லை. சீசனும் கிடையாது, இத்தனைதான் என்ற வரம்பும் கிடையாது. பயிரை அழிக்கிற பன்றி ஒழிந்தால் போதும் என்றிருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கிக்கு ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம் தனியாக இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அதன்படி குற்றம். நண்பருடையதை வாங்கி ஒருமுறை சுட்டாலும் அதே கணக்குதான். இதற்கு உள்ள சில விலக்குகளில் உங்களுக்குக் கைகொடுப்பது ஒன்று: அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். ஆகவே பன்றிக்குப் போனாலும் எடுத்துவிடுங்கள். எச்-4 விசாவில் உள்ள மனைவியும் சுட விரும்பினால் அவர் பெயரில் தனி லைசென்ஸ் வேண்டும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எந்த மாதம் வாங்கினாலும் வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். சொந்தமாகத் துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் முதல் தேதியே நீங்கள் சட்டத்துக்கு வெளியே.

டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருப்பதால் உள்ளூர்க் கட்டணம் 25 டாலர்தான், வெளிமாநிலத்தவருக்கு 315. 1971 செப்டம்பர் 2-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். நேரமில்லை என்றால் 10 டாலர் கட்டி ஒரே ஒருமுறை தள்ளிப்போடலாம், ஆனால் லைசென்ஸ் உள்ள அனுபவசாலி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் படித்துவிடுவதே நல்லது.

மானுக்கு லைசென்ஸ் கட்டாயம். துப்பாக்கி சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். வடக்கு மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறு வரை, தெற்கில் மூன்றாவது ஞாயிறு வரை. எத்தனை சுடலாம், கொம்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் கவுன்டிக்குக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) மாறும், ராஞ்ச் எந்தக் கவுன்டி என்று கேட்டுப் பாருங்கள். சுட்டவுடன் லைசென்ஸோடு வந்த டேகை (அடையாளச் சீட்டு) நிரப்பி மானில் கட்டிவிட வேண்டும். இறைச்சியை நண்பருக்குக் கொடுத்தால், யார் சுட்டது என்ற விவரத்தோடு கையெழுத்திட்ட சீட்டும் கூடப் போக வேண்டும். விற்பது மட்டும் கூடவே கூடாது.